கேளா ஒலி யாருக்குக் கேளாது?

கப்பலுக்குப் பகை புயல் மட்டும் என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். புயலாவது ஓயும்; ஓயாத பகை ஒன்று உண்டு. அதன் பெயர் கொட்டலசு. சுண்ணாம்பு ஓடு பூண்ட இச்சிறு பிராணி, இளம் பருவத்தில் நீரில் மிதந்து திரியும். தக்க இடம் கண்டதும் கப்பலின் அடியில் பசைபோட்டு ஒட்டிக்கொள்ளும். பிறகு ஆயுள் முழுவதும் அங்கேயே குடியிருக்கும். பாசியும் ஆளியும் துணைக்கு வரும். விளைவு என்ன? கப்பலின் வேகம் குறைகிறது; எண்ணெய்ச் செலவு ஏறுகிறது. கடல்நீரால் இயந்திரங்களைக் குளிர்விக்கும் கல்பாக்கம் அணுமின் நிலையத்திலும் இதே தொல்லைதான். நீர் வரும் சுரங்கத்தில் பச்சை ஆளி படியாதிருக்க அங்கே குளோரின் கலக்கிறார்கள்.

இப்பகையை வெல்ல மனிதன் நாடியது நஞ்சு. டிரைபியூட்டைல் டின் என்னும் வெள்ளீயக் கூட்டுப்பொருளை வர்ணத்தில் கலந்து கப்பலுக்குப் பூசினார்கள். கொட்டலசு ஒழிந்தது, கூடவே பிரான்சின் ஆர்க்கஷோன் குடாவில் சிப்பிப் பண்ணைகளும் பாழாயின. 1982-இல் பிரான்சு சிறு படகுகளுக்கு அவ்வர்ணத்தைத் தடுத்தது. சர்வதேச உடன்படிக்கை நடைமுறைக்கு வந்ததோ 2008-இல்! இடையில் கழிந்தவை 26 ஆண்டுகள்.

இப்போது விஞ்ஞானம் நீட்டும் புதிய ஆயுதம் கேளா ஒலி. வினாடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலி நம் செவிக்கு எட்டாது. கப்பலின் உட்புறத் தகட்டில் கருவியைப் பொருத்தி அதிரவிடுகிறார்கள். வலுவான ஒலி நீரில் நுண்குமிழிகளை உண்டாக்கி உடைக்கும். அந்த அதிர்ச்சியில் இளம் கொட்டலசு ஒட்ட முடியாமல் தவிக்கும், அல்லது மடியும்.

“நஞ்சில்லை, நாற்றமில்லை, ஓசையுமில்லை” என்று என் வகுப்புத் தோழர்கள் இதைப் பாராட்டுகிறார்கள். நான் கேட்பது ஒன்றே: ஓசையில்லை என்பதை யாருடைய காதைக் கொண்டு தீர்மானித்தோம்?

ஓங்கில்களுக்கு வினாடிக்கு 1,50,000 அதிர்வுகள் வரை கேட்கும். இரை தேடுவதும் வழி அறிவதும் அவற்றுக்கு ஒலியால்தான். மெக்சிகோவின் குவாடலூப் தீவருகே, கப்பல்களில் இக்கருவி ஒலித்த வேளைகளில் கூவியர் அலகுத் திமிங்கிலங்களின் நடமாட்டம் குறைந்ததை 2022-இல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. நமக்கு மௌனமாக இருப்பது அவற்றுக்குப் பேரிரைச்சல்! இதோ, நாம் வந்து தங்கிப் படிக்கும் இந்தக் கொச்சியின் துறைமுக வாயிலிலும் ஓங்கில்கள் துள்ளுகின்றன. நாளை வரும் கப்பல்கள் எல்லாம் இக்கருவியோடு வந்தால், அவை எங்கே போகும்?

கருவியே கூடாது என்பதல்ல என் வாதம். குளிர்நீர்க் குழாய்களிலும் அடைபட்ட தொட்டிகளிலும் தாராளமாகச் சோதிக்கட்டும். குளோரின் செலவு குறைந்தால் நன்மையே. ஆனால் திறந்த கடலில் மிதக்கும் கப்பலுக்குப் பொருத்துமுன், ஒலி எவ்வளவு தொலைவு பரவுகிறது, அங்கு வாழும் உயிர்கள் என்ன செய்கின்றன என்று அளந்து காட்ட வேண்டும். விற்பவர் சொல்லும் வார்த்தை அளவாகாது.

தோழர்களே! நம்மில் சிலர் நாளை கப்பல் தளங்களிலும் மின் நிலையங்களிலும் பணியேற்போம். “இதனால் கடலுக்குத் தீங்கில்லை” என்ற தாள் ஒன்று நம் கையெழுத்துக்கு வரும். அளந்த கணக்கு உடன் வந்தால் கையெழுத்திடுவோம்; வராவிட்டால் பேனாவை மூடுவோம். வர்ண நஞ்சுக்கு 26 ஆண்டுகள் கொடுத்தோம். ஒலிக்கும் அவ்வளவு கொடுக்க வேண்டியதில்லை.