ஓடுபாதை முடிந்த பிறகு

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏற 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏலக்காய் மூட்டையோடு இறங்கும் டிரைவர் பிரேக்கை மட்டும் நம்ப மாட்டார். கியரைக் குறைத்து, இன்ஜினை வைத்தே வண்டியை இழுத்துப் பிடிப்பார். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறி, நடுவழியில் கைவிரிச்சிடும்னு கிளீனர் பையனுக்குக்கூடத் தெரியும். அப்படியும் பிசகலாம் என்றுதான் வளைவில் தடுப்புச் சுவர். 'ஒழுங்கா ஓட்டினா சுவர் எதுக்கு?' என்று யாரும் கேட்பதில்லை.

விமான நிலையத்தில் மட்டும் கேட்கிறோம்.

ஒரு போயிங் 737 தரை தொடும்போது வேகம் மணிக்குச் சுமார் 250 கிலோமீட்டர். உடனே இறக்கை மேல் ஸ்பாய்லர் பலகைகள் எழும்பி, தூக்குவிசையைக் கெடுத்து, பாரத்தைச் சக்கரங்கள் மேல் உட்கார வைக்கின்றன. பாரமில்லாத சக்கரத்தில் பிரேக் பிடித்து என்ன பயன்? அப்புறம் பிரேக். கூடவே 'ரிவர்ஸ்'. இன்ஜின் தலைகீழாகச் சுற்றாது. பின்னால் போகும் காற்றை முன்பக்கம் திருப்பிவிடும், அவ்வளவுதான். நனைந்த பாதையில் இது கைகொடுக்கும். ஆனால் மூன்றுக்குமே முன்னால் தரை மிச்சம் இருக்க வேண்டும்.

2010 மே 22, மங்களூர்: 158 பேர் பலி. 2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு: 21 பேர். இரண்டும் துபாயிலிருந்து வந்த விமானங்கள். இரண்டும் மலையுச்சியைச் சமப்படுத்திப் போட்ட பாதைகள். இரண்டிலும் பாதி ஓடுபாதை கழிந்த பிறகே சக்கரம் தரையைத் தொட்டது. விமானி தவறு என்றது விசாரணை. தவறுதான், மறுக்கவில்லை. மங்களூரில் துணை விமானி 'திரும்ப எழும்பலாம்' என்று சொல்லியும் கேப்டன் கேட்கவில்லை.

ஆனால் 'விமானி தவறு' என்றதும் நம் ஊரில் பேச்சே முடிந்துவிடுகிறதே, அதில்தான் எனக்கு ஆட்சேபம். இறந்த விமானி மேல் பழி போடுவது செலவில்லாத வேலை. கோழிக்கோட்டில் மழையும் பின்காற்றும் சேர்ந்தால் ஆபத்து என்று கேப்டன் மோகன் ரங்கநாதன் 2011-லேயே எழுதினார். ஒன்பது வருஷம் கழித்து அதுவே நடந்தது. மங்களூரில் பாதைக்கு அப்பால் ஆன்டெனாவைத் தாங்கிய கான்கிரீட்டில் இறக்கை மோதியது. 2024 டிசம்பரில் தென்கொரியாவின் முவானிலும் ஆன்டெனாவுக்கான கான்கிரீட் மேடுதான். 179 பேர் பலி.

மாற்று இல்லாமலில்லை. நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில் ஓடுபாதை முடிவில், சக்கரம் பட்டால் நொறுங்கும் லேசான கான்கிரீட் படுக்கை போட்டார்கள். 2005-ல் தாண்டி ஓடிய ஒரு 747 சரக்கு விமானத்தையே அது புதைத்து நிறுத்தியது.

காசு எங்கே என்பார்கள். விமான நிலையத்துக்கென்று டிக்கெட்டிலேயே கட்டணம் பிடிக்கிறார்கள். கிரானைட் தரைக்கும் கண்ணாடிச் சுவருக்கும் காசு இருக்கிறது. கடைசி நூறு மீட்டருக்கு மட்டும் இல்லையா?

விமானியும் மனுஷன்தான், தவறுவார். அதற்குத் தண்டனை பின் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பவனுக்கு எதற்கு?