விடை சரியானால் போதுமா?

1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழிக்குக் கணினி உலகில் அழியாப் புகழ் உண்டு. ஒரு முறை எழுதிய நிரலை எந்தக் கணினிக்கும் கொண்டு செல்லலாம். அந்தந்தக் கணினிக்குரிய தொகுப்பி அதனைப் பொறிமொழியாக மாற்றிக் கொடுத்துவிடும் என்பதே அப்புகழின் அடித்தளம். கணக்குப் பார்க்கும் நிரலுக்கும் கடிதம் அச்சிடும் நிரலுக்கும் இது முற்றிலும் பொருந்தும். ஆனால் மறைபொருளைக் காக்கும் மறையாக்க நிரலகத்துக்கும் இதுவே போதும் எனச் சாதிப்பவர்கள் உலகை ஏமாற்றுகிறார்கள். அன்றேல் தாமே ஏமாந்து நிற்கிறார்கள்.

மறையாக்க நிரலுக்குக் கடமைகள் இரண்டு. விடை சரியாக இருத்தல் வேண்டும் என்பது ஒன்று. அவ்விடையைக் காணும் வழியில் இரகசியத் திறவுகோலின் சுவடு எங்கும் படியாதிருத்தல் வேண்டும் என்பது மற்றொன்று. சி மொழியின் தரம் முதற்கடமையை மட்டுமே அறியும். கணக்கிட எவ்வளவு நேரம் பிடித்தது, நினைவகத்தில் என்ன எஞ்சியது என்பவை அதன் கண்ணுக்குத் தெரியமாட்டா. வேலியே பயிரை மேயும் கதை இங்கேதான் தொடங்குகிறது.

நிரலாளர் திறவுகோலைப் பயன்படுத்தி முடித்ததும், அது இருந்த இடத்தைச் சுழியங்களால் நிரப்பி அழிக்குமாறு மெம்செட் என்னும் கட்டளையை எழுதுகிறார். தொகுப்பியோ, “இவ்விடத்தை இனி எவரும் படிக்கப் போவதில்லை, ஆகவே இக்கட்டளை வீண்” எனத் தீர்மானித்து அவ்வரியையே நீக்கிவிடுகிறது. மூலநிரலில் அழிப்பு இருக்கும். ஓடும் நிரலில் இராது. இதற்கு விண்டோஸ் ஒரு மாற்றுக் கட்டளையை வகுத்தது. ஓப்பன்பிஎஸ்டி வேறொன்றை வகுத்தது. 2011ஆம் ஆண்டுத் தரம் மூன்றாவது ஒன்றை விருப்ப இணைப்பில் ஒதுக்கி வைத்தது. இதற்கென ஒரு கட்டளை தரத்தின் முதன்மைப் பகுதியில் இடம்பெற, 2024இல் வெளியான சி23 வரை காத்திருக்க நேர்ந்தது. அரை நூற்றாண்டு கழிந்த பின்னரே மொழிக்கு இத்தேவை உறைத்திருக்கிறது! அதுவரை நிரலகம் பேணுவோர், தளத்துக்கொரு வழியாக ஏணிப்படிகள்போல் நிபந்தனைகளை அடுக்கிக் காலம் தள்ளினர்.

நேரத்தின் கதை இதனினும் கொடிது. கணக்கிடும் நேரத்தை அளந்தே திறவுகோலை ஊகிக்கலாம் என்பதைப் பால் கோச்சர் 1996இல் எடுத்துக்காட்டினார். ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலகத்தைக் கொண்டு இயங்கிய வழங்கியின் திறவுகோலை வலையமைப்பின் வழியாகவே மீட்க முடியும் என்பதை 2003இல் புரூம்லியும் போனேயும் மெய்ப்பித்தனர். அதன் பின்னர், இரகசியத்தைப் பொறுத்து வழி பிரியாத வகையில் நிரல் எழுதுவது மறையாக்கத்தின் எழுதப்படாத சட்டமாயிற்று. சட்டத்தை நிரலாளர் காத்தனர், தொகுப்பி காத்ததா? கர்வ்25519 டோனா என்னும் நிரல், நேரம் மாறாதவாறு கவனத்துடன் எழுதப்பட்டது. 32 இருமக் கணினிக்காக அதனை மைக்ரோசாப்டின் 2015ஆம் ஆண்டுத் தொகுப்பியில் தொகுத்தபோது, 64 இருமப் பெருக்கலைச் செய்யும் துணைநிரல், எண்களின் மேற்பாதி சுழியமாயின் குறுக்குவழியில் சென்றது. இரகசியம் கசிவதை 2016இல் ஆய்வாளர் வெளிப்படுத்தினர். நிரலாளர் எழுதிய எந்த வரியிலும் அக்குறுக்குவழி இல்லை! 2024இலோ, கைபர் மறையாக்க முறையின் மாதிரி நிரலைக் கிளாங் தொகுப்பி சில அமைப்புகளில் தொகுக்கையில், வழி பிரியாதிருக்க எழுதிய கணக்கை வழி பிரியும் கட்டளையாகவே மாற்றிவிட்டது. திறவுகோலைச் சில நிமிடங்களில் மீட்கலாம் என்பது செய்முறையில் காட்டப்பட்டது.

“தரம் அனுமதிப்பதையே தொகுப்பி செய்கிறது, அச்சமுள்ளோர் பொறிமொழியில் எழுதட்டும்” என்பர் தொகுப்பியின் வழக்கறிஞர்கள். இவ்வாதம் நிற்குமா? ஓப்பன்எஸ்எஸ்எல் பல செயலிகளுக்குப் பொறிமொழி நிரலைத் தாங்கித்தான் நிற்கிறது. அவ்வாறு எழுத ஆளில்லாத செயலிகளுக்கே சி நிரல் எஞ்சுகிறது. குறைவாகச் சோதிக்கப்படும் கணினிகளுக்குக் குறைவான காவல் என்பது என்ன நீதி? 32 எண்மிகளை அழிக்காமல் விடுவதால் மிச்சமாகும் நேரத்தை எந்த மனிதராலும் உணர இயலாது. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்து வேகப் புண்ணியம் தேடுவதை நியாயம் என ஏற்பதற்கில்லை.

நிரலகம் பேணுவோரும் குற்றத்திலிருந்து முற்றும் தப்ப இயலாது. எல்லாத் தளங்களையும் அணைத்துக் கொள்வது பெருந்தன்மைபோல் தோன்றும். ஆனால் சில தளங்களில் நினைவகம் வழங்கும் முறை மெதுவாக இருந்தது என்பதற்காக, ஓப்பன்எஸ்எஸ்எல் தனக்கென ஒரு நினைவகக் கிடங்கை அமைத்து, அதனை ஏனைய தளங்கள் மீதும் சுமத்தியது. நல்ல தளங்களின் நினைவகக் காவல் அதனால் செயலற்றுப் போயிற்று. 2014 ஏப்ரல் 7ஆம் நாள் ஹார்ட்பிளீட் பிழை வெளிவந்து, ஒரு கோரிக்கைக்கு 64 கிலோபைட் வரை நினைவகம் கசிந்ததை உலகம் அறிந்தபோதுதான் அக்கிடங்கின் மீது கண்கள் திரும்பின. அதை அகற்றிப் பார்த்தபோது, அது மறைத்து வைத்திருந்த வேறொரு பழம்பிழையும் வெளிப்பட்டது. ஓப்பன்பிஎஸ்டி குழுவினர் லிப்ரெஸ்எஸ்எல் எனப் பிரிந்து, விஎம்எஸ், 16 இரும விண்டோஸ் முதலியவற்றுக்கான வரிகளைக் களைந்தனர். முதல் வாரத்திலேயே ஏறத்தாழ 90,000 வரிகள் வீழ்ந்தன. பலவீனமான தளத்துக்காகப் பலமான தளத்தைப் பலவீனப்படுத்துவது பெருந்தன்மையன்று.

எனினும் அவர்களை மட்டும் கூண்டில் ஏற்றுவோர் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஹார்ட்பிளீடுக்கு முன், அந்நிரலகத்துக்கு ஆண்டுதோறும் கிடைத்த நன்கொடை ஏறத்தாழ 2,000 அமெரிக்க வெள்ளி. முழுநேரமாக உழைத்தவர் ஒருவர்! உலகப் பெருநிறுவனங்கள் அதன் நிழலில் வணிகம் நடத்தின. தீப்பற்றிய பின்னரே, 2014 ஏப்ரலில் லினக்ஸ் அறக்கட்டளை வழியாக நிதி திரட்ட முன்வந்தன.

ஆகவே கடமை மூவருக்கும் உரியது. மறைபொருள் இதுவெனக் குறிக்க சி மொழித் தரத்தில் இன்றளவும் ஒரு சொல் இல்லை. அதனைத் தரக் குழுவும் தொகுப்பி ஆக்குவோரும் வழங்குதல் வேண்டும். நிரலகம் பேணுவோர், ஆளும் கணினியும் வழங்க எவரும் முன்வராத தளத்துக்கு வாக்குறுதி அளிப்பதை நிறுத்துதல் வேண்டும். மேலும், மூலநிரலைப் படித்து மனநிறைவு கொள்ளாமல், தொகுத்து வந்த பொறிநிரலையே ஒவ்வொரு தொகுப்பியிலும் சோதித்தல் வேண்டும். ஆதம் லாங்லி 2010இல் சிடிகிரைண்ட் கருவியால் அதற்கு வழிகாட்டியிருக்கிறார். பயன்பெறும் நிறுவனங்கள், சோதிப்பதற்குரிய கணினியையும் உழைப்போருக்குரிய ஊதியத்தையும் தருதல் வேண்டும். தம் தளத்துக்கு ஆதரவு கேட்டு மடல் எழுதும் நிறுவனம், அம்மடலுடன் ஒரு பொறியாளரின் ஆண்டு ஊதியத்தையும் இணைத்து அனுப்பட்டும். அதன் பின்னர் அக்கோரிக்கைக்கு மதிப்பளிக்கலாம்.