ரீசெட் செய்தால் போய்விடுமா?



கல்லூரி திறக்கும் சமயத்தில் உங்களிடமிருந்து வரும் கடிதங்களின் போக்கே மாறிவிடுகிறது. பிள்ளைக்குப் புது லேப்டாப் வாங்கியிருப்பீர்கள். ஒரு மாதம் ஆவதற்குள், ‘ஆன்டிவைரஸ் இலவசக் காலம் முடிகிறது, பணம் கட்டுங்கள்’ என்று திரையின் மூலையில் ஒரு பெட்டி எட்டிப் பார்க்கும். கேட்காத விளையாட்டுகள் வேறு. ரீசெட் செய்தால் இதெல்லாம் போய்விடுமா என்று கேட்கிறீர்கள்.

பெரும்பாலும் போகாது. கடையில் வாங்கியபோதே உள்ளே இருந்தவைதானே! விண்டோஸில் ‘ரிமூவ் எவ்ரிதிங்’ என்று பார்த்து ஏமாறாதீர்கள். அழிவது உங்கள் படங்களும் கோப்புகளும் நீங்களே நிறுவிய ஆப்களும்தான். தயாரிப்பாளர் ஏற்றிய மென்பொருள்கள் சி டிரைவில், கண்ணில் படாத ‘ரெகவரி’ ஃபோல்டரில் தனிப் பொதியாக இருக்கும். ரீசெட் முடியும்போது விண்டோஸே அதைப் பிரித்து மறுபடி நிறுவிவிடும். ‘கிளவுட் டவுன்லோடு’ கொடுத்தாலும் புதிதாக இறங்குவது விண்டோஸ் மட்டுமே. சில கணினிகளில் ‘கீப் மை ஃபைல்ஸ்’ வழியாகப் போனால், முன்பே இருந்த ஆப்களைத் திரும்ப நிறுவவா என்று ஒரு கேள்வி வரும். ‘நோ’ என்று சொல்லுங்கள்.

மென்பொருள் கம்பெனிகள் பணம் தருகின்றன, தயாரிப்பாளர்கள் ஏற்றுகிறார்கள், விஷயம் அவ்வளவுதான். ஆனால் பிரச்சினை எரிச்சலோடு நிற்பதில்லை. 2014இல் லெனோவோ சில லேப்டாப்களில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருளை ஏற்றி விற்றது. பாதுகாப்பான இணையதளங்களுக்கும் பயனருக்கும் நடுவே தன் சொந்தச் சான்றிதழோடு அது புகுந்துகொண்டது. வங்கித் தளங்கள்கூடத் தப்பவில்லை. 2015 பிப்ரவரியில் குட்டு உடைந்ததும், அதை நீக்கும் கருவியை நிறுவனமே வெளியிட்டது. அதே ஆண்டு இன்னொரு கூத்து: அந்த நிறுவனத்தின் சில மாடல்களில் ஃபார்மட் அடித்த பிறகும், கணினியை முதலில் எழுப்பும் பயாஸிலிருந்தே ஒரு புரோகிராம் விண்டோஸுக்குள் வந்து உட்கார்ந்தது. அதை எடுக்க பயாஸ் அப்டேட்டே தேவைப்பட்டது.

முழுதாகத் துடைக்க வேண்டுமென்றால் 8 ஜிபி பென் டிரைவ் போதும். மைக்ரோசாஃப்ட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் மீடியா கிரியேஷன் டூலால் விண்டோஸை அதில் ஏற்றி, பழைய பார்ட்டிஷன்களை நீக்கிவிட்டு நிறுவலாம். லைசென்ஸ் பெரும்பாலும் மதர்போர்டிலேயே இருப்பதால் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். வைஃபை டிரைவரை மட்டும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். நெட் வராமல் விண்டோஸ் 11 பாதியில் நின்றுவிடும்.

என்னைக் கேட்டால், புது லேப்டாப்புக்கு இவ்வளவு பாடு வேண்டாம். செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய் வேண்டாததை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். டச்பேட், பேட்டரி, ஆடியோ என்று பெயர் உள்ளவற்றைத் தொடாதீர்கள். காசு கேட்கும் ஆன்டிவைரஸை எடுத்துவிட்டால், விண்டோஸின் டிஃபெண்டர் தானே வேலைக்கு வந்துவிடும். அப்படியும் ரீசெட்தான் என்று முடிவெடுத்தால், முதலில் குடும்பப் படங்களை வேறொரு டிஸ்க்கில் காப்பி எடுத்துவிடுங்கள். சந்தேகம் எழுதும்போது மாடல் பெயரையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்