மறைந்தவர் பெயரில் பட்டா! மானியம் யாருக்கு?

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் தென்காசிக் கடைவீதியில் வியாபாரம் நடக்கும். சாரல் பொய்த்தால் கடைவீதி மட்டுமா காயும்? சிற்றாற்றுப் பாசனக் குளங்களும் சேர்ந்து காயும். அருவி பக்கத்தில் இருக்கிறது, நமக்கென்ன தண்ணீர்ப் பஞ்சம் என்று எண்ணுகிறவர்கள் கோடையில் ஆலங்குளம் பக்கம் போய்க் கிணறுகளை எட்டிப் பார்க்கட்டும்!

தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிடும் விவசாயிக்கு அரசு உதவி செய்கிறது. சொட்டுநீர்ப் பாசனம் அமைக்கத் தமிழகத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 விழுக்காடு மானியம். மற்றவர்களுக்கு 75 விழுக்காடு. 2.5 ஏக்கர் வரை வைத்திருப்பவர் குறு விவசாயி. 5 ஏக்கர் வரை சிறு விவசாயி. சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார், வட்டாட்சியர் தரும் சிறு குறு விவசாயி சான்று ஆகியவை தேவை.

இங்கேதான் நம் சமுதாயம் கோட்டை விடுகிறது. கடை உரிமத்தைப் புதுப்பிக்க ஒருநாள்கூடத் தவறாத நம் வணிகர்களின் வீட்டுப் பட்டாவை எடுத்துப் பாருங்கள். பாட்டனார் மறைந்து 20, 30 வருடமாகியும் பட்டாவில் அவர் பெயரே இருக்கும்!

ஒரு கணக்குப் போடுவோம். ஒருவர் 12 ஏக்கர் விட்டு இறந்தார். வாரிசுகள் 2 மகன்கள், 2 மகள்கள் மட்டுமே. மார்க்கம் வகுத்த பங்கின்படி மகன்களுக்குத் தலா 4 ஏக்கர், மகள்களுக்குத் தலா 2 ஏக்கர். வேறு நிலம் இல்லையென்றால் நால்வருமே சிறு, குறு விவசாயிகள். நால்வருக்குமே முழு மானியத்துக்குத் தகுதி உண்டு. ஆனால் பங்கு பிரிக்காமல், சகோதரிகளின் பெயரைப் பட்டாவில் ஏற்றாமல் விட்டதால் ஒருவருக்கும் கிடைப்பதில்லை. சகோதரியின் உரிமையை மறுத்தவர் தன் உரிமையையும் இழக்கிறார்!

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நிலத்துக்கு உரியவர் கடையில் அல்லது வளைகுடாவில் இருக்கிறார். வயலில் பாடுபடுபவர் குத்தகைக்காரர். குத்தகையோ வெறும் வாய்ப்பேச்சு. வாய்ப்பேச்சை எந்த அலுவலகம் ஏற்கும்? பி.எம். கிசான் திட்டத்தில் ஆண்டுக்குத் தரப்படும் 6,000 ரூபாயும் சொந்த நிலம் உள்ளவருக்குத்தான். குத்தகைக்காரருக்கு அதிலும் இடமில்லை. குத்தகைதாரர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றத் தமிழகத்தில் 1969-லேயே சட்டம் வந்துவிட்டது. எழுதிக் கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் உரியவர்கள் எழுதிக் கொடுப்பதில்லை. விளைவு? குழாய் போட வேண்டியவருக்கு மானியமில்லை. மானியத்துக்குத் தகுதி உள்ளவருக்கு வயலில் வேலையில்லை. தண்ணீர் வீணாகிறது.

பட்டாவை மட்டும் பார்க்காமல் உழுபவரையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அரசிடம் கேட்போம். கேட்பதற்கு முன் நம் வீட்டைச் சரி செய்வோம்.

இளைஞர்களே! கடையநல்லூரிலும் தென்காசியிலும் செங்கோட்டையிலும் மஹல்லாவுக்கு நாலு பேர் முன்வாருங்கள். வாரிசுச் சான்று, பாகப்பிரிவினைப் பத்திரம், பட்டா மாறுதல், உட்பிரிவு என்று ஒவ்வொன்றாக முடித்துக் கொடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகம் மூலம் அதிகாரப் பத்திரம் அனுப்பலாம். வணிகப் பெருமக்களே! நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தால் எழுத்தில் கொடுங்கள்.

அரசுப் பணம் தாளைப் பார்த்துத்தான் வரும். நம் தாளில் இருப்பது யார் பெயர்? இன்றே எடுத்துப் பாருங்கள்!