சோதனைச் செலவு யார் தலையில்?

சூரிய பம்புசெட் வாங்கினால் மானியம் உண்டு. சாண எரிவாயுக் கலன் கட்டவும் மானியம் தரப்பட்டு வந்திருக்கிறது. 2019-ல் தொடங்கிய குசும் திட்டத்தில், சூரிய பம்புசெட் விலையில் மத்திய அரசு 30 சதமும் மாநில அரசு 30 சதமும் ஏற்பது என்று வகுக்கப்பட்டது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இந்தப் பணமெல்லாம் செய்து முடித்த சாதனத்தை வாங்குவதற்கு. புதிதாக ஒன்றைச் செய்து பார்க்கும் விவசாயிக்கும் கிராமத்துப் பட்டறைக்காரருக்கும் பணம் எங்கே கிடைக்கும்?

அஸ்ஸாமில் நடந்ததைப் பார்க்கலாம். தர்ரங் மாவட்டத்துச் சகோதரர்கள் இருவருக்கு, நெல்லுக்கு டீசல் வைத்துத் தண்ணீர் இறைக்கக் கட்டுப்படியாகவில்லை. மூங்கிலிலேயே ஒரு காற்றாலை கட்டி, அதைக் கைப்பம்புடன் இணைத்தார்கள். சில ஆயிரம் ரூபாயில் வேலை முடிந்தது. காற்று அடித்தபோது தண்ணீர் வந்தது.

இதே காற்றாலை குஜராத் உப்பளத் தொழிலாளருக்கும் உதவும் என்று பிறகு தெரிந்தது. கட்ச் சிறு ரண் பகுதியில் பூமிக்கடியிலிருந்து உப்புநீரை இறைப்பதற்கான டீசலே அவர்கள் வருமானத்தில் பெரும் பகுதியை விழுங்கிவிடும். ஆனால் மூங்கில் ஆலையை அப்படியே கொண்டுபோய் நிறுத்த முடியவில்லை. இரும்பில் மாற்றிச் செய்து, நட்டுப் பார்த்து, திருத்த வேண்டியிருந்தது. விலையும் பல மடங்கு கூடிற்று. சகோதரர்கள் இருவரும் இந்தச் செலவைத் தாங்கியிருக்க முடியாது. கிராமத்துக் கண்டுபிடிப்புகளுக்காக 2000-ல் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் உதவியுடன் ஏற்பட்ட தேசிய புத்தாக்க அறக்கட்டளையும், குஜராத்தின் 'கியான்' அமைப்பும் துணை நின்றதால்தான் காரியம் நடந்தது.

முதல் சாதனத்தை எப்படியோ கைப்பணத்திலும் நகையை அடகு வைத்தும் செய்துவிடுகிறார்கள். திருத்திச் செய்யும் இரண்டாவதும் மூன்றாவதும்தான் ஆளை முறிக்கின்றன. வங்கிக்குப் போனால் ஜாமீன் கேட்கிறார்கள். 2003-ல் சிட்பி வங்கியின் துணையோடு அதே அறக்கட்டளை ஒரு சிறு நிதியை ஏற்படுத்தி, ஜாமீன் இல்லாமல் கண்டுபிடிப்பாளரின் கையெழுத்தை நம்பிப் பணம் கொடுத்தது. மனம் வைத்தால் வழி உண்டு என்பதற்கு இதுவே சான்று. ஆனால் இவ்வளவு பெரிய நாட்டுக்கு இப்படி ஒன்றிரண்டு நிதி போதாது.

பொதுப்பணம் வீணாகுமே என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எரிபொருளே இல்லாமல் எஞ்சின் ஓட்டுவதாகக் கதை விடுபவரும் உண்டு. ஆகவே அளந்து பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். எவ்வளவு காற்றில், எத்தனை அடி ஆழத்திலிருந்து, மணிக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்று பார்த்தால் உண்மை வெளிப்பட்டுவிடும். தமிழ்நாட்டில் கோவையிலும் குமுளூரிலும் வேளாண் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. சிறு விவசாயி செய்த சாதனத்தை அங்கே கட்டணமின்றிச் சோதித்துக் கொடுக்கலாம். தோற்ற சோதனையின் கணக்கையும் தமிழில் வெளியிட வேண்டும். அப்போது அடுத்தவர் அதே வழியில் போய்க் கையைச் சுட்டுக்கொள்ள மாட்டார்.

மானியத்துக்கு ஒதுக்கும் நூறு ரூபாயில் ஒரு ரூபாயையாவது இதற்கென எடுத்து வைக்கலாம். கேட்காமல் இது கிடைக்காது. மாதந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில், மானியம் எப்போது வரும் என்று கேட்கும் மனுவோடு இந்த மனுவையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். வயலில் என்ன தேவை என்பது வயலில் நிற்பவருக்குத்தான் தெரியும். அவர் செய்து பார்க்கும் செலவை அவர் தலையிலேயே கட்டுவது நியாயமல்ல.