மலைவழி நெட்டோட்டமும் வார விடுமுறையும்

நம் மாணாக்கருள் ஒரு சாராருக்குச் சில ஆண்டுகளாக நெட்டோட்டத்தில் மிக்க ஆர்வம் உண்டாகியிருப்பதை நேயர்கள் அறிவர். மாரத்தான் ஓட்டத்துக்குரிய 42.195 கிலோமீட்டர் அவர்களுக்குப் போதவில்லை. அதனினும் மேற்பட்ட தூரத்தைக் கடக்கும் ‘அல்ட்ரா மாரத்தான்’ என்னும் போட்டிக்கே தங்களை ஆயத்தம் செய்துவருகின்றனர். தென்னாப்பிரிக்காவில் 1921-ஆம் ஆண்டு தொடங்கிய காம்ரேட்ஸ் ஓட்டம் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் நீளமுடையது. ஆதலின் இப்பித்து நேற்றுப் பிறந்ததன்று.

இதற்குரிய பயிற்சியில் தலையாயது வார இறுதியே. சனிக்கிழமை ஒரு நெட்டோட்டம். அதன் அலுப்புத் தீருமுன் ஞாயிற்றுக்கிழமை மற்றொன்று. முதல் நாள் ஓட்டம் தசைகளிற் சேமித்துவைத்த மாவுச்சத்தைப் பெரும்பாலும் செலவழித்துவிடுகிறது. மலையிறக்கத்திலோ தொடைத் தசைகள் நீண்டுகொண்டே உடற்பாரத்தைத் தாங்க வேண்டியிருப்பதால், அவற்றின் இழைகளில் நுண்ணிய சிதைவும் உண்டாகிறது. அக்கால்களோடு மறுநாட் காலை எழுந்து ஓடுகிறவருக்குப் பந்தயத்தின் கடைசி மணிநேரங்கள் எத்தன்மையவாயிருக்கும் என்பது முன்னரே விளங்கிவிடும். முழுத் தூரத்தையும் ஒருங்கே ஓடாமல் அதற்குப் பழகும் உபாயம் இது. இம்முறையை நாம் குறைகூற வரவில்லை. அதனை எவ்விடத்தில், எப்பருவத்தில் செய்வது என்பதைப்பற்றியே நமக்குச் சொல்லவேண்டியது உண்டு.

தேனி, கம்பம் பள்ளத்தாக்கைக் காட்டிலும் இதற்கேற்ற நிலத்தை நம் பக்கத்தில் காண்டல் அரிது. மேற்கே சுவர்போல் எழும் மலை. கீழே முல்லையாற்றுப் பாசனத்தில் நெல்லும் திராட்சையும் தென்னையும். போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே சென்றாற் குரங்கணி. அதற்குமேல் டாப் ஸ்டேஷனுக்கும் கொழுக்குமலைக்கும் வழிகள் ஏறுகின்றன. கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் 7,000 அடிக்கு மேற்பட்ட உயரத்திலுள்ளது. டாப் ஸ்டேஷன் என்னும் பெயரே ஒரு சரித்திரம். மூணாற்றிலிருந்து அவ்விடம்வரை 1902-இல் ஒற்றைத் தண்டவாளப் பாதையும், 1908-இல் அதற்குப் பதிலாகச் சிறு ரயிலும் ஓடின. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக் கோட்டகுடிப் பக்கம் இறங்கின. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த ரயிலை அடித்துச் சென்றது. விளையாட்டுக்காக ஒருவரும் இவ்வழிகளைச் சமைத்ததில்லை. சுமைகாரரும் ஏலத்தோட்டக் கூலியாட்களும் மிதித்து மிதித்து உண்டானவை இவை. அவர்கள் எந்த மாதத்தில் எந்தச் சரிவைத் தவிர்த்தார்கள் என்பதை மலையடி ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டறிவது, எந்தக் கைக்கடிகார யந்திரமும் காட்டாத பாடம்.

இனி, சொல்லக் கூசும் செய்தியொன்றைச் சொல்லியே ஆகவேண்டும். 2018-ஆம் ஆண்டு மார்ச்சு 10-ஆம் தேதி, சனிக்கிழமை, சென்னையிலிருந்தும் கொங்குநாட்டுப் பக்கத்திலிருந்தும் வந்த இரு குழுவினர் குரங்கணியிலிருந்து கொழுக்குமலைக்கு நடந்து ஏறினர். மறுநாள் இறங்கிவருகையில் காட்டுத்தீ அவர்களைச் சூழ்ந்துகொண்டது. சிலர் அச்சரிவிலேயே மாண்டனர். வேறு பலர் நாட்கணக்கில் மருத்துவமனைகளில் வருந்தி உயிர்நீத்தனர். இறந்தோர் தொகை 23 ஆயிற்று. விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் வந்தன. எனினும் இருளிலும் புகையிலும் முதலில் மேலேறி, காயம்பட்டோரைத் தோளிற் சுமந்து இறக்கியவர்களுள் மலையடி ஊரார் பலர். அவர்கள் ஏறியதும் சனி, இறங்கியதும் ஞாயிறு. நம் மாணவர் பயிற்சிக்கு வகுத்துக்கொண்ட அதே இரண்டு நாட்கள்.

இந்நிகழ்ச்சிக்குப்பின் பெற்றோர் பலரும் ஆசிரியர் சிலரும், ‘மலைப்பக்கமே மாணவர் தலைகாட்டலாகாது’ என்று தீர்ப்புக் கூறினர். அவர்தம் அச்சம் இயல்பானதே. தீர்ப்பை மட்டும் நாம் ஏற்கவில்லை. தடுத்தால் மாணவர் போகாமலிருப்பர் என்று எண்ணுவோர் மாணவப் பருவத்தை மறந்தவர். சொல்லாமற் போவர், அவ்வளவே வேறுபாடு. அரசாங்கத்தாரும் நிரந்தரமாக வழியை அடைத்துவிடவில்லை. அதே 2018-இல் மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தனர். 2024 அக்டோபரில் மாநிலமெங்கும் 40 வழிகளை, உள்ளூர் வழிகாட்டிகளோடும் முன்பதிவோடும் திறந்தனர். குரங்கணி–சாம்பலாறு வழி அவற்றுள் ஒன்று. தீப்பருவத்தில் அவற்றை மூடியும் வைக்கின்றனர். கூடலூருக்கு மேலுள்ள மங்கலதேவி கண்ணகி கோயிலையும் எண்ணிப் பார்க்கலாம். சித்திரைப் பௌர்ணமி ஒருநாள் மட்டும் வழிவிடுகின்றனர். கடுங்கோடைதான், ஆயினும் இரு மாநிலத்து அதிகாரிகளின் காவலும் குடிநீரும் இருப்பதால் ஆயிரக்கணக்கானோர் ஏறி இறங்குகின்றனர்.

மறுபுறம், ஓட்டக்காரரிடமும் நமக்கொரு வழக்குண்டு. ‘நடப்பவருக்கன்றோ அபாயம்? நாங்கள் விரைந்து தப்பிவிடுவோம்’ என்று அவர்கள் சொல்வதை நம் விடுதியிலேயே கேட்டிருக்கிறோம். இது வெறும் மயக்கம். தீ சரிவில் மேல்நோக்கியே கடிதிற் பாயும். கீழே எரியும் சுவாலை மேலுள்ள புல்லை முன்னதாகவே சுட்டு உலர்த்திவிடுவதே காரணம். காற்றும் உடன்சேர்ந்தால், ஏற்றத்தில் அதனோடு பந்தயமிட எக்காலும் போதாது; முப்பது கிலோமீட்டர் ஓடிச் சலித்த கால் எம்மாத்திரம்? மேலும், நடப்போர் பையில் நீரும் உணவும் கொண்டு ஒன்றுகூடிச் செல்வர். ஓடுவோரோ பாரத்துக்கு அஞ்சி ஒரு சிறு புட்டி நீரோடு புறப்படுவர். வலியவர் முந்த, எளியவர் பின்தங்க, அரைமணியில் ஒருவர் கண்ணுக்கு ஒருவர் தெரியமாட்டார். பேசிக்கொண்டு வருபவரின் அரவம் கேட்டுக் காட்டெருமை விலகும். திருப்பத்தில் திடீரென ஓடிவருபவருக்கு அந்த உபகாரமும் இல்லை.

இவற்றிற்கெல்லாம் மேலாக நம்மை வருத்துவது விடுமுறையின் நெருக்கடி. திங்கட்கிழமை வகுப்பு, பந்தயத்துக்கு ஆறே வாரம், அட்டவணையில் இச்சனிக்கிழமைக்கு ‘மலை’ என்று எழுதியாயிற்று. ஆகையால் தொலைவிற் புகை தெரிந்தாலும், மழை இருண்டாலும், திரும்ப மனம் வராது. பங்குனி வெயிலில் காய்ந்து நிற்கும் புல்லுக்கு நம் அட்டவணை தெரியுமா?

ஆதலின் நம் அபிப்பிராயம் இது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து புல் காயத்தொடங்கியதுமுதல் கோடைமழை பெய்யும்வரை மலைச்சரிவில் ஓட்டம் வேண்டா. மற்றைக் காலத்தில் அனுமதி பெற்ற வழியில், உள்ளூர் வழிகாட்டியோடு, ஒன்றுகூடிச் சென்று வருக. வழிகாட்டி ஓடமாட்டாரே என்பர். அவர் நடக்கும் வேகமே அன்றைய வேகமாக இருக்கட்டும். செங்குத்தான ஏற்றத்தில் பந்தயக்காரரே நடக்கத்தான் செய்கின்றனர். திரும்பவேண்டிய மணியைப் புறப்படுமுன் விடுதிப் புத்தகத்தில் எழுதி வைத்துச் செல்வது நன்று.

தீப்பருவத்துச் சனி ஞாயிறுகள் வீணாகுமோ எனின், ஆகா. கம்பத்திலிருந்து உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி வழியாகத் தேனிக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். பெருஞ்சாலையின் வண்டி நெரிசலை விட்டு, வயல்களினூடே செல்லும் ஊர்வழிகளைப் பொறுக்கிக்கொண்டால் தூரம் இன்னும் கூடும். விடியுமுன் புறப்பட்டு வெயிலேறுமுன் நிறுத்துவதே முறை. வழிநெடுக ஊர்களும் தேநீர்க்கடைகளும் நிழலும் உண்டு. மறுநாள் தேனியிலிருந்து போடிக்கு ஓடி வந்தால் 15 கிலோமீட்டர். அகலப்பாதைக்காகப் பல்லாண்டு நிறுத்தப்பட்டிருந்த போடி ரயில் 2023 ஜூன் முதல் மீண்டும் ஓடுகிறது. கால் ஓய்ந்தவர்கள் அதில் ஏறி மதுரைக்கு உட்கார்ந்தபடியே திரும்பலாம்.