கடலுக்கு முந்திய நாட்கள்

டிசம்பர் பிறந்துவிட்டால் கல்முனைக் கரையோரத்துச் சில வீடுகளில் பேச்சுக் குறைந்துவிடும். ஏன் என்று எவரும் கேட்பதில்லை. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணிக்குச் சற்று முன்னர் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் பெயர்ந்தது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஊர் ஊராகக் கடல் ஏறிற்று. இலங்கையில் மாண்டோரும் காணாமற் போனோரும் ஏறத்தாழ 35,000 பேர். அவர்களுள் 10,000 பேருக்கு மேல் அம்பாறை மாவட்டத்தவர்.

அந்நாளைப் பற்றி நிரம்ப எழுதியாயிற்று. அதற்கு முந்திய நாட்களைப் பற்றியே நாம் இங்கு சொல்ல விரும்புகின்றோம்.

நாமறிந்த ஓர் அம்மையார் அன்று தம் இளைய மகனை இழந்தவர். கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்துக்குப் போனால் சின்ன மேளமொன்று வாங்காமல் அவன் வீடு திரும்பமாட்டானாம். அலைக்குப் பின்னர் பல ஆண்டுகள் அவ்வீட்டில் அவன் பெயரே ஒலிக்கவில்லை. படங்களும் நீரோடு போய்விட்டன. துன்பத்தை மூடிவைக்கப் போய் அந்த மேளத்தையும் சேர்த்தன்றோ மூடிவிட்டார்கள்!

மூடினால் அடங்குமா என்றால், அதுவும் இல்லை. 1987 இல் டானியல் வெக்னர் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் மாணவர் சிலரிடம் வெள்ளைக் கரடியை மட்டும் நினையாதிருங்கள் என்றார். அவர்களுக்கு அக்கரடியே திரும்பத் திரும்ப வந்தது. தடையை நீக்கியபின் இன்னும் மிகுதியாக வந்தது. பிறரை வற்புறுத்திப் பேசவைப்பதும் பிழையே. உலக சுகாதார நிறுவனம் அதனை விலக்குகின்றது. உறக்கமின்றி வருந்துவோர் மனநல மருத்துவரை நாடுவதில் வெட்கமும் வேண்டாம்.

இதே அலையில் யாலக் கரையில் பெற்றோரையும் கணவரையும் புதல்வர் இருவரையும் ஒருங்கே இழந்தவர் சோனாலி தெரணியகல. 2013 இல் வெளிவந்த அவரது நூலில் நாம் கண்டது யாதெனில், தொடக்கத்தில் அவர் அஞ்சியது இன்ப நினைவுகளுக்கே. காலஞ்செல்ல, அவர்களை அருகே வைத்துக்கொண்டாலன்றித் தம்மைத் தாமே மீட்க இயலாதெனக் கண்டார்.

துக்கங் காப்பது மூன்று நாள், கணவனை இழந்தவளுக்கு நான்கு மாதம் பத்து நாள் என்பது இக்கரையில் சிறுவரும் அறிந்த முறை. அது துக்கத்துக்கு எல்லையேயன்றி நினைவுக்கு எல்லையன்று. கதீஜா நாயகியார் மறைந்து நெடுங்காலமான பின்னரும் ஆடறுத்தால் அவருடைய தோழியருக்குப் பங்கு அனுப்பினார்கள் நபிகள் நாயகம். அன்பு நிறைந்த வழி அது.

மேற்சொன்ன அம்மையாரிடம், அலைக்குப் பின் பிறந்த பேத்தி ஒரு நாள் மாமாவைப் பற்றிக் கேட்டாள். அன்றுதான் அவர் மேளக் கதையைச் சொன்னார். சொல்லும்போது அழுதார், நடுவில் சிரித்தும்விட்டாராம். கடந்த ஹஜ்ஜுப் பெருநாளன்று மகனின் பள்ளித் தோழர் இருவர் வீட்டுக்கு இறைச்சிப் பங்கு அனுப்பினார். இருவரும் இன்று பிள்ளைகுட்டிக்காரர். அவர்களுள் ஒருவர் நேரில் வந்து, அவர் அறியாத ஒன்றைச் சொல்லிப் போனார்: கடைசியாக வாங்கிய மேளம் உடையவில்லையாம், ஒரு பட்டத்துக்காகப் பையன் அதைத் தமக்கு மாற்றிக் கொடுத்துவிட்டானாம்.